கொரோனா நுரையீரலோடு நின்றுவிடவில்லை: புதுச்சேரி கிராமங்கள் இப்போது கவனிக்க வேண்டியது என்ன?

2023 மே 5 அன்று, கோவிட்-19 இனி சர்வதேச சுகாதார அவசரநிலை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2020 ஜனவரி 30 அன்று பிறப்பிக்கப்பட்ட அவசரநிலை அத்துடன் முடிவுக்கு வந்தது. நம்மில் பெரும்பாலோர் அதற்கு முன்பே கொரோனாவை மறந்துவிட்டிருந்தோம். முகக்கவசம் அலமாரிக்குப் போனது. ஆக்சிமீட்டரின் பேட்டரி தீர்ந்தது. பரிசோதனைச் சீட்டுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் அறிவிப்பு வந்ததும் உடம்பு தன் கணக்கை முடித்துக்கொள்வதில்லை. வில்லியனூரை ஒட்டிய ஒதியம்பட்டு போன்ற ஊர்களில் மட்டுமல்ல, தமிழ் பேசும் எந்த ஊரிலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது: "கொரோனா வந்து போனதுல இருந்து உடம்பு முன்ன மாதிரி இல்ல." மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படபடப்பு வருகிறது, முன்பு இல்லாத சர்க்கரை வந்திருக்கிறது, எதையாவது எடுக்கப் போனால் என்ன எடுக்க வந்தோம் என்பது மறந்து போகிறது என்கிறார்கள். இது மனப்பிரமையா, வயதின் வேலையா, அல்லது உண்மையிலேயே அந்த நோய் விட்டுச் சென்ற தழும்பா?

இந்தக் கேள்விக்கு ஊருக்குள் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "அது வெறும் சளிக்காய்ச்சல்தானே, அதுக்குப் போய் இவ்வளவா?" என்பது ஒன்று. "எல்லாம் அந்த ஊசியால வந்த வினை" என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் செய்யும் வேலை ஒன்றுதான். கஷ்டப்படும் மனிதரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்துவிடுகின்றன. மருத்துவ ஆய்வுகள் சொல்வது இந்த இரண்டுமல்ல. அதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வைரஸ் நுழையும் வாசல்

கொரோனா குடும்பத்து வைரஸ்கள் நுரையீரலைத் தாண்டிப் போகும் என்பது 2020-ல் முதன்முதலாகத் தெரிந்த செய்தியல்ல. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு மெர்ஸ் என்ற பெயர் நினைவிருக்கலாம். 2012-ல் சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் அந்த வைரஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, இறந்துபோன நோயாளிக்கு நிமோனியா மட்டுமின்றிச் சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. உறவுக்கார வைரஸ் ஒன்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

கோவிட்-19 வைரஸ் நம் உயிரணுக்குள் நுழைய ஒரு வாசல் தேவை. அந்த வாசல் ஏசிஇ-2 என்ற புரதம். அது நமக்கு எதிரானது அல்ல. ரத்த அழுத்தத்தையும் உடலின் உப்பு, நீர் அளவையும் சீராக வைத்திருக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. அதனால்தான் அது ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. மூக்கின் உட்பகுதி, நுரையீரல், சிறுகுடல், சிறுநீரகம், இதயம், ரத்தக் குழாய்கள் எனப் பல இடங்களில் இருக்கிறது. வைரஸின் மேலிருக்கும் முள் போன்ற புரதம் இந்த வாசலில் சரியாகப் பொருந்திக்கொள்கிறது. சிலருக்குக் கொரோனா வயிற்றுப்போக்காகத் தொடங்கியதும், சிலருக்கு வாசனை தெரியாமல் போனதும், சிலருக்கு நெஞ்சுவலியாக வெளிப்பட்டதும் இதனால்தான்.

அமெரிக்காவில் கோவிட்டால் இறந்த 44 பேரின் உடல்களை ஆராய்ந்த ஆய்வு 2022 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியானது. மூளை உட்பட உடலின் பல பாகங்களில் வைரஸின் மரபுப் பொருள் இருந்தது. ஒருவருக்கு அறிகுறி தொடங்கி 230 நாட்கள் கழிந்த பின்னரும் அது காணப்பட்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: நுரையீரலுக்கு வெளியே வைரஸ் இருந்த இடங்களில் நேரடியான அழற்சியோ திசுச் சேதமோ பெரிதாகத் தென்படவில்லை. அப்படியென்றால் மற்ற உறுப்புகள் கெட்டது எப்படி? வைரஸ் நேரடியாகத் தாக்குவது ஒரு வழி மட்டுமே. அதை எதிர்க்கக் கிளம்பிய நம் உடலின் எதிர்ப்பு சக்தி அளவு மீறிப் பாய்வது இரண்டாவது வழி. ரத்தக் குழாய்களின் உட்சுவர் புண்பட்டு ரத்தம் கட்டிக்கொள்வது மூன்றாவது. ரத்தம் போகாத உறுப்பு என்று உடலில் ஒன்றுமில்லை. ஆகவே ரத்தக் குழாயைத் தொடும் நோய் எல்லா உறுப்பையும் தொட்டுவிடுகிறது.

மூச்சு: வேலூர் சொன்ன செய்தி

முதல் அடி நுரையீரலுக்குத்தான். நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகளில் இரண்டு வகை உயிரணுக்கள் உண்டு. ஒன்று காற்று மாற வழிவிடுகிறது. மற்றொன்று அந்தப் பை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழவழப்பான ஒரு பொருளைச் சுரக்கிறது. இந்த இரண்டாவது வகையைத்தான் வைரஸ் குறிவைக்கிறது. வழவழப்பு குறைந்தால் பைகள் சரியாக விரிவதில்லை. அதோடு நீரும் அழற்சியும் சேர்ந்தால் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவது தடைபடுகிறது.

2021 ஏப்ரல், மே மாதங்களில் நாம் கண்ட கொடுமை இதுதான். பேசிக்கொண்டிருந்தவர், தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 85 என்று காட்டிய பிறகே ஆபத்தில் இருப்பது தெரிந்தது. மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்சிஜன் இறங்கிய இந்த நிலையால் பலர் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தார்கள்.

பிழைத்தவர்களின் நுரையீரல் பிறகு என்ன ஆனது? நமக்கு அருகிலேயே இதற்கு ஆய்வு இருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை, முதல் அலைக் காலத்தில் கொரோனாவிலிருந்து மீண்ட 207 பேரின் நுரையீரலைச் சோதித்தது. 2024-ல் முடிவுகள் வெளியாயின. காற்றிலிருந்து ஆக்சிஜனை ரத்தத்துக்குள் கடத்தும் திறன் 44 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. நுரையீரல் முழுதாக விரிய முடியாத குறைபாடு 35 சதவீதம் பேரிடம் இருந்தது. ஐரோப்பிய, சீன நோயாளிகளைப் பற்றி வந்த ஆய்வுகளுடன் ஒப்பிட்டபோது இந்தியர்களின் பாதிப்பு அதிகமாகவே தெரிந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய்கள் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

பலருக்கு நாளடைவில் இது சரியாகிவிடும் என்பது ஆறுதலான செய்தி. ஒரு பகுதியினருக்கு மட்டும் தழும்பு தங்கிவிடும். வயலில் வேலை செய்பவர், கட்டட வேலைக்குப் போகிறவர், சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் நின்றபடி எட்டு மணி நேரம் உழைப்பவர் ஆகியோருக்கு மூச்சுத்திறன் குறைவது என்றால் கூலி குறைவது என்று பொருள். "சோம்பேறி ஆகிவிட்டான்" என்று வீட்டிலேயே பெயர் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நுரையீரலில் தழும்பு இருக்கிறதோ!

இதயமும் ரத்தக் குழாய்களும்

கோவிட் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையில் 'டி-டைமர்' என்ற பெயரை அப்போது எல்லோரும் கேள்விப்பட்டோம். ரத்தம் எங்கோ கட்டிக் கரைகிறது என்பதற்கான அடையாளம் அது. ரத்தக் குழாயின் உட்சுவர் வழவழப்பாக இருக்கும்வரை ரத்தம் தடையின்றி ஓடும். அழற்சியால் அது புண்பட்டால் அங்கே ரத்தம் உறையத் தொடங்கும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் மூச்சு நிற்கும். இதயக் குழாயை அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போனால் பக்கவாதம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு டாக்டர் ஜியாத் அல்-அலி குழுவினர் செய்த ஆய்வு 2022 பிப்ரவரியில் வெளியானது. கோவிட் வந்து மீண்ட சுமார் 1,53,000 பேரை, தொற்று வராத பல லட்சம் பேருடன் ஓராண்டுக்கு ஒப்பிட்டார்கள். தொற்று வந்தவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு 52 சதவீதமும், இதயச் செயலிழப்பு வாய்ப்பு 72 சதவீதமும் கூடியிருந்தன. 72 சதவீதம் என்றதும் பத்தில் ஏழு பேருக்கு இதயம் கெட்டுவிடும் என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. ஆயிரம் பேரில் கூடுதலாகச் சுமார் 12 பேர் என்பதே கணக்கு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயதான அமெரிக்க ஆண்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் கோடிக்கணக்கானோருக்குத் தொற்று வந்த நாட்டில் ஆயிரத்துக்குச் சில பேர் என்பதும் சிறிய எண்ணிக்கை அல்ல.

இந்தியாவிலும் இதற்குக் கணக்கு உண்டு. 31 மருத்துவமனைகளில் கோவிட் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 14,419 பேரை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர், தொடர்ந்து கவனித்தது. 2023-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் அவர்களில் 6.5 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். இவர்கள் படுக்கையில் சேர்க்கப்படும் அளவுக்கு நோய் முற்றியவர்கள். பலர் வயதானவர்கள், வேறு நோய்களும் உள்ளவர்கள். எனவே லேசான காய்ச்சலுடன் வீட்டிலேயே குணமானவர்களுக்கு இந்த எண் பொருந்தாது. ஆனால் 'டிஸ்சார்ஜ்' என்ற சொல்லுக்கு 'முழுக் குணம்' என்று நாம் கொடுத்துக்கொண்ட பொருள் சரியல்ல என்பதை இது காட்டுகிறது.

புதுச்சேரிக்கு ஏன் இது கூடுதல் கவலை?

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு வருகிறது. ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நாடு முழுவதும் நடந்த 'இன்டியாப்' சர்க்கரை நோய் ஆய்வு 2023 ஜூனில் வெளியானது. இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. கோவாவில் அது 26.4 சதவீதம். அடுத்த இடத்தில் புதுச்சேரி: 26.3 சதவீதம். அதாவது நம் வீட்டுப் பெரியவர்களில் நான்கு பேருக்கு ஒருவருக்குச் சர்க்கரை.

சர்க்கரை நோய் என்ன செய்கிறது? ரத்தக் குழாய்களின் உட்சுவரை மெல்ல மெல்ல அரிக்கிறது. சிறுநீரகம், இதயம், கண், நரம்பு என ஒவ்வொன்றாகத் தொடுகிறது. கொரோனா தொடும் இடங்களும் ஏறக்குறைய அவையே. பல ஆண்டுகளாகச் சர்க்கரை அரித்துவைத்த சுவரின் மேல்தான் 2020-லும் 2021-லும் வைரஸ் வந்து மோதியது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் பதிவான தொற்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இறப்பு 1,900-க்கும் மேல். 2011 கணக்கெடுப்பில் பன்னிரண்டரை லட்சம் மக்கள்தொகை கொண்ட சிறிய பகுதிக்கு இது பெரிய எண்ணிக்கை.

பாதிப்பு ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை. சர்க்கரை இருந்தவர்களுக்குக் கொரோனா கடுமையானது; கொரோனா வந்தவர்களில் சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்தது. மேலே சொன்ன அல்-அலி குழுவினரின் மற்றொரு ஆய்வு, தொற்றுக்குப் பிந்தைய ஓராண்டில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடியதாகச் சொல்கிறது.

இதில் ஸ்டீராய்டு மருந்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று நிரூபித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. நாட்டின் பல பகுதிகளில் நாம் முதல் பாதியைக் கேட்டோம், இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம். காய்ச்சல் தொடங்கிய மறுநாளே மருந்துக் கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்கள் உண்டு. அது சர்க்கரையை ஏற்றியது, எதிர்ப்பு சக்தியை இறக்கியது. கருப்புப் பூஞ்சை என்று நாம் அழைத்த மியூகோர்மைகோசிஸ் அந்த இடைவெளியில் புகுந்தது. 2021 மே மாதம் அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக அறிவிக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. உயிர் தப்பியும் கண்ணையோ மேல்தாடையையோ இழந்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

சிறுநீரகத்தைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் கணிசமானோருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது. சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. சிறுநீரகம் வலியெடுத்துச் சொல்லும் உறுப்பு அல்ல. பெரும்பகுதி கெடும்வரை பேசாமல் இருக்கும். சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஒருவர், கொரோனாவுக்குப் பின் ஒருமுறைகூட கிரியேட்டினின் அளவும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் பார்க்காமல் இருந்தால், அவர் இருட்டில் நடக்கிறார் என்று பொருள்.

மூக்கு, மூளை, குழந்தைகள்

வாசனை போனது கொரோனாவின் அடையாளமாகவே அப்போது ஆனது. அத்தரும் தெரியவில்லை, அடுப்பில் கருகுவதும் தெரியவில்லை என்ற நிலை. வாசனையை உணரும் நரம்பணுக்களை விட, அவற்றுக்குத் துணை நிற்கும் உயிரணுக்களே முதலில் தாக்கப்படுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால்தான் பெரும்பாலோருக்கு அந்த உணர்வு சில வாரங்களில் திரும்பியது.

மூளையைப் பற்றி 2022 மார்ச்சில் பிரிட்டனிலிருந்து ஒரு முக்கிய ஆய்வு வந்தது. கொரோனாவுக்கு முன்பே எடுத்துவைத்திருந்த மூளை ஸ்கேன்களுடன் பின்னர் எடுத்தவற்றை 785 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் 401 பேர் தொற்று வந்தவர்கள். வாசனையோடும் நினைவோடும் தொடர்புடைய பகுதிகள் அவர்களுக்குச் சற்றே கூடுதலாகத் தேய்ந்திருந்தன. சராசரியில் அது சிறிய மாற்றம்தான். ஆயினும் "மறதி வந்துடுச்சு, எதிலயும் மனசு நிக்கல" என்று சொல்பவரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை என்பதற்கு அது போதும்.

குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய் லேசாகவே வந்து போனது. மிகச் சிலருக்கு, தொற்றுக்குச் சில வாரங்கள் கழித்து விடாத காய்ச்சல், உடல் தடிப்பு, கண் சிவப்பு, வயிற்றுவலி ஆகியவற்றுடன் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் அழற்சி ஏற்பட்டது. இதயத்தைத் தொடும் அந்த நிலையிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கு மருத்துவர் சொன்ன தொடர் பரிசோதனையைப் பெற்றோர் கைவிடக் கூடாது.

நூறு பேருக்குக் கோவிட் வந்தால் சுமார் ஆறு பேருக்கு நீடித்த பாதிப்பு வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆறு பேர்தானே என்றும் சொல்லலாம். அந்த ஆறு பேரில் ஒருவர் நம் வீட்டில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஊசியா, நோயா?

இளவயதினர் திடீரென இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போதெல்லாம் தடுப்பூசியின் மீது பழி போடப்படுகிறது. புதுச்சேரியில் 2021 டிசம்பரில் அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. கட்டாயம் என்றாலே சிலருக்குச் சந்தேகமும் கூடவே வரும். சந்தேகம் எழுவது தவறல்ல. விடை தேடாமல் பரப்புவதுதான் தவறு.

விடை தேடப்பட்டது. 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரைப் பற்றி 47 மருத்துவமனைகள் மூலம் ஐசிஎம்ஆர் ஆராய்ந்தது. 2023 நவம்பரில் முடிவு வெளியானது. தடுப்பூசி இந்த மரணங்களின் வாய்ப்பைக் கூட்டவில்லை. இரண்டு ஊசி போட்டவர்களுக்கு வாய்ப்பு குறைந்தே இருந்தது. வாய்ப்பைக் கூட்டியவை வேறு: கோவிட்டால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட வரலாறு, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, போதைப் பொருள், திடீரெனக் கடும் உடற்பயிற்சி செய்தது. மதுக்கடைகள் நிறைந்த பகுதியில் வாழும் நம் இளைஞர்களின் காதில் இது விழ வேண்டும்.

தடுப்பூசிக்குப் பக்கவிளைவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கோவிஷீல்டு வகை ஊசியால் ரத்தம் உறையும் ஒரு பாதிப்பு மிக அரிதாக வரக்கூடும் என்பது 2021-லேயே உலக அளவில் பதிவானது. அதைத் தயாரித்த நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது அது. நான்கைந்து ஆண்டுகள் கழித்து வரும் நெஞ்சுவலிக்கு அதைக் காரணம் காட்டிவிட்டு ஈசிஜி எடுக்காமல் இருப்பது, நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு.

மறைத்த நோய்க்குப் பதிவு இல்லை

இத்தனைக்கும் நடுவில் நம் சமூகத்துக்கென்று ஒரு தனிப் பிரச்சினையும் உண்டு. 2020 ஏப்ரலில், டெல்லி தப்லீக் மாநாட்டைக் காரணம் காட்டி, ஒரு நோய்க்கு மதச்சாயம் பூசப்பட்டதை நாம் மறக்க முடியாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு தப்லீக் உறுப்பினர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தெரிகிறது என்று கண்டித்தது. நீதி கிடைத்தது, ஆனால் அதற்குள் பயம் வேலையைக் காட்டிவிட்டிருந்தது. தெருவை அடைப்பார்கள், வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி, எல்லாச் சமூகத்திலும் பலர் காய்ச்சலை மறைத்தார்கள். நம் சமூகத்தில் அந்த அச்சத்துக்குக் கூடுதல் காரணம் இருந்தது.

மறைக்காதவர்களிலும் பலர் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் நடத்திய நான்காவது ரத்த மாதிரி ஆய்வில், 6 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 67.6 சதவீதம் பேரிடம் கொரோனாவுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் காணப்பட்டது. தடுப்பூசி ஒன்றுகூடப் போடாதவர்களிலும் அது 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதாவது, அரசுப் பதிவேட்டில் ஏறியவர்களைப் போலப் பல மடங்கு பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. ஒதியம்பட்டின் ஒரு தெருவை எடுத்துக்கொண்டாலும் இந்தச் சராசரிக்கு விலக்காக இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

இதன் விளைவு இன்று தெரிகிறது. மூச்சுவாங்குகிறது என்று போகும் ஒருவரின் கையில், தனக்குக் கொரோனா வந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. மருத்துவர் கேட்பதில்லை; இவரும் சொல்வதில்லை. அன்று வெட்கத்தால் மறைத்தது இன்று நோயறிதலில் விடுபட்ட ஒரு வரியாக நிற்கிறது. அந்த வரியை இப்போதும் வாயால் சொல்லி நிரப்ப முடியும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "டாக்டர், 2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது, பத்து நாள் ஆக்சிஜனில் இருந்தேன்" என்றோ, "டெஸ்ட் எடுக்கவில்லை, ஆனால் வாசனை போயிருந்தது" என்றோ சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம் இருந்தால் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, எளிய பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்த அழுத்தம், மூன்று மாத சர்க்கரைச் சராசரி, கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவை 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், கடுமையான கொரோனா வந்த எந்த வயதினருக்கும் அவசியம். ஆறு நிமிடம் சாதாரணமாக நடந்தபின் ஆக்சிஜன் குறைகிறதா என்று பார்ப்பதும் எளிய சோதனையே. மூச்சுவாங்கலோ படபடப்போ இருந்தால் ஈசிஜி, எக்கோ, நுரையீரல் திறன் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாகவே ஸ்கேன் சென்டருக்குப் போய்ப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

நம் பகுதிக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வில்லியனூரில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் உள்ளது. கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை; கொரோனா காலத்தில் புதுச்சேரியின் சுமையைத் தாங்கியது அதுதான். கோரிமேட்டில் ஜிப்மர். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்குள்ளேயே தனியார் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. ஒதியம்பட்டு போன்ற ஊரிலிருந்து இவ்வளவு அருகில் இத்தனை மருத்துவ வசதி இந்தியாவின் பெரும்பாலான கிராமங்களுக்கு வாய்க்கவில்லை. வாய்த்ததைப் பயன்படுத்தாமல் இருப்பது நம் குறை.

மூன்றாவது, நோன்பும் பயணமும். சர்க்கரையோ சிறுநீரகப் பாதிப்போ உள்ளவர்கள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, நோன்பு நோற்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஹஜ், உம்ரா செல்ல எண்ணியிருப்பவர்கள் அங்கே வெயிலில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் கொண்டு, கடுமையான கொரோனா வந்திருந்தால் இதயத்தையும் நுரையீரலையும் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது நல்லது.

நான்காவது, நம் ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும். ஊரடங்கு நாட்களில் பலரும் நெருங்கத் தயங்கிய உடல்களை, எந்த மதத்தவர் என்று பாராமல் எடுத்து அடக்கம் செய்த நம் தொண்டர்களைத் தமிழகமும் புதுச்சேரியும் கண்டன. இறந்தவர்களுக்குக் காட்டிய அந்த அக்கறை, பிழைத்தவர்களுக்கும் தேவை. பள்ளிவாசல் வளாகத்தில் ஆண்டுக்கு இருமுறை, அரசு சுகாதார நிலையத்தின் துணையோடு, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம் நடத்தலாம். எல்லாச் சமூகத்தவரையும் அழைக்கலாம். வருபவரிடம் "உங்களுக்குக் கொரோனா வந்ததா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டாலே போதும். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவது மிக அவசியம். வீட்டில் எல்லோரும் படுத்திருந்தபோது, தனக்கும் காய்ச்சல் இருந்தும் அடுப்படியில் நின்றவர்கள் அவர்கள்தான். அவர்களின் நோய்தான் மிகக் குறைவாகப் பதிவானது.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. சர்க்கரை நோயில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் புதுச்சேரியில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளிச் சீட்டில் கொரோனா வரலாற்றுக்கு ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும். கடுமையான பாதிப்பிலிருந்து மீண்டவர்களை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துப் பரிசோதிக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு பிடிக்காது. டயாலிசிஸ் படுக்கைகளைப் பிறகு கூட்டிக்கொண்டே போவதைவிட இது மலிவு.

கொரோனா மறுபடியும் வருமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது போகவே இல்லை. உருமாறிக்கொண்டு நம்மிடையே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. தடுப்பூசியாலும் முந்தைய தொற்றாலும் நம் உடல் அதை ஓரளவு அறிந்துகொண்டதால் பெரும்பாலோருக்கு இன்று அது லேசாகவே வந்து போகிறது. எனவே பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் முன்பு வந்துபோனது எங்கெல்லாம் கை வைத்தது என்பதைப் பார்த்துக்கொள்ளாமல் இருப்பது தைரியம் ஆகாது.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். "முன்ன மாதிரி இல்ல" என்று அது சொல்லும்போது, பிரமை என்று தள்ளாமலும், வதந்தியிடம் விடை கேட்காமலும், ஒரு ரத்தப் பரிசோதனையும் மருத்துவரிடம் ஒரு நேர்மையான வாக்கியமும் போதும். அந்த வாக்கியத்தை இந்த வாரமே நம் வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சொல்ல வைப்போம், இன்ஷா அல்லாஹ்.